செத்த சப்ளையா, தற்காத்துக்கொள்ளும் சப்ளையா?

பழைய ஆசிலாஸ்கோப் ஒன்று ‘ஆன்’ ஆகவில்லை என்று யாராவது போன் செய்தால் நான் முதலில் கேட்பது இதைத்தான்: “சத்தம் ஏதாவது வருதா?” பெரும்பாலானவர்கள் யோசிக்காமல் “ஒண்ணும் வரலை சார்” என்பார்கள். மூடிக்குப் பக்கத்தில் காதை வைத்துக் கேட்கச் சொன்னால் அரை நிமிஷம் கழித்து, “ஆமா சார், கடிகாரம் மாதிரி டிக் டிக்னு வருது” என்று பதில் வரும். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும். டிக் சத்தம் வருகிறது என்றால் ஃப்யூஸ் போகவில்லை. பிரிட்ஜ் டயோடு, பெரிய கெபாசிட்டர், ஸ்விட்சிங் டிரான்சிஸ்டர் மூன்றும் பெரும்பாலும் உயிரோடு இருக்கின்றன. சப்ளை புறப்படப் பார்க்கிறது, ஏதோ ஒன்று இழுத்துப் பிடிக்கிறது, நின்றுவிட்டு மறுபடி புறப்படப் பார்க்கிறது.

பழைய அளவைக் கருவிகளைப் பழுதுபார்ப்பவர்களிடையே எஸ்.எம்.பி.எஸ். என்கிற ஸ்விட்சிங் சப்ளை விஷயத்தில் மூன்று கட்சிகள் உண்டு. கெபாசிட்டர்களையெல்லாம் கழற்றிப் போட்டுவிட்டுப் புதிது வை, அப்புறம் பேசலாம் என்பது ஒரு கட்சி. எதையும் தொடாதே, அளந்து பார், குற்றவாளியை மட்டும் மாற்று என்பது இன்னொன்று. நாற்பது வருஷத்துச் சப்ளையோடு ஏன் மல்லுக்கட்டுகிறாய், ரெடிமேடாக ஒன்று வாங்கி உள்ளே வைத்துவிடு என்பது மூன்றாவது. மூன்றிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் மூன்று கட்சிக்காரர்களும் அவசரத்தில் தாண்டிப் போகிற கேள்வி ஒன்று உண்டு. சப்ளை உண்மையிலேயே கெட்டிருக்கிறதா, இல்லை வேறெங்கோ கெட்டிருப்பதைக் கண்டுகொண்டு தன்னைக் காத்துக்கொள்கிறதா? இது தெரியாமல் சால்டரிங் அயர்னைச் சூடேற்றுவதில்தான் பல ஞாயிற்றுக்கிழமைகள் வீணாகின்றன. என்னுடையவையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

வட்டத்தில் சிக்கிய பழுது

லீனியர் சப்ளை ஒரு நேர்கோடு. டிரான்ஸ்ஃபார்மர், டயோடு, கெபாசிட்டர், ரெகுலேட்டர் என்று மீட்டரை வைத்துக்கொண்டே போனால் வோல்டேஜ் எந்த இடத்தில் காணாமல் போகிறதோ அந்த இடத்தில் பழுது. எஸ்.எம்.பி.எஸ். அப்படியில்லை, அது ஒரு வட்டம். கன்ட்ரோல் ஐ.சி. ஓடினால்தான் டிரான்சிஸ்டர் துடிக்கும். டிரான்சிஸ்டர் துடித்தால்தான் டிரான்ஸ்ஃபார்மரில் மின்சாரம் பிறக்கும். அந்த மின்சாரத்தில் ஒரு பங்கு திரும்பி வந்தால்தான் கன்ட்ரோல் ஐ.சி. தொடர்ந்து ஓடும். இதில் எந்தக் கண்ணி அறுந்தாலும் எல்லாக் கண்ணிகளும் செத்ததுபோலவே தெரியும். எங்கே மீட்டரை வைத்தாலும் பூஜ்யம்தான்.

இந்தத் தலைவலியை அளவைக் கருவிக்காரர்கள் விரும்பித்தான் வரவழைத்துக்கொண்டார்கள். அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் போர்ட்லாந்தில் 1946இல் தொடங்கிய டெக்ட்ரானிக்ஸ் கம்பெனியின் ஆரம்பகால ஆசிலாஸ்கோப்புகளைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும். அந்த எடையில் பெரும்பங்கு இரும்பு டிரான்ஸ்ஃபார்மருடையது. 1969இல் வந்த 7000 வரிசையில் 7704 மாடலுக்கு ஸ்விட்சிங் சப்ளை கொடுத்தார்கள். 1972இல் வந்த 485, கையில் தூக்கிப்போகிற அளவில் 350 மெகாஹெர்ட்ஸ் வரை காட்டியது. அதிலும் ஸ்விட்சிங் சப்ளைதான். எஸ்.எம்.பி.எஸ். என்பதே 1977இல் ஆப்பிள்-2 கம்ப்யூட்டரோடு பிறந்தது என்று சிலர் எழுதுவதைப் படித்தால் எனக்குச் சிரிப்பு வரும். ராட் ஹோல்ட் வடிவமைத்த அந்த சப்ளை நல்ல சப்ளைதான், ஆனால் ஆசிலாஸ்கோப் மேஜையில் அந்த வித்தை அதற்கு முன்பே பழையதாகிவிட்டது.

அந்தக் காலத்து சப்ளைகள் பலவற்றில் கட்டுப்பாட்டுச் சுற்று தனித்தனி டிரான்சிஸ்டர்களால் ஆனது. சிலிக்கான் ஜெனரல் கம்பெனி 1976இல் எஸ்.ஜி.1524 என்ற ஐ.சி.யைக் கொண்டுவந்த பிறகு அந்த வேலை ஒரே சில்லுக்குள் அடங்கத் தொடங்கியது. 1980களின் கருவிகளைத் திறந்தால் டி.எல்.594 அல்லது யு.சி.3842 கண்ணில் படும். பழுதுபார்ப்பவருக்கு இது பெரிய வரம். தனித்தனி டிரான்சிஸ்டர் சப்ளைக்கு அந்தந்த சர்வீஸ் மேனுவல் இல்லாமல் கைவைக்க முடியாது, ஐ.சி. சப்ளையை ஐ.சி.யின் டேட்டாஷீட் ஒன்றை வைத்துக்கொண்டே பாதி புரிந்துகொண்டுவிடலாம்.

மூடியைத் திறக்கும் முன்

230 வோல்ட் ஏ.சி.யை நேரடியாக ரெக்டிஃபை செய்தால் கிடைப்பது ஏறக்குறைய 325 வோல்ட் டி.சி. அது ஒரு 220 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டரில் ஏறி நின்றால் கிட்டத்தட்ட 11.6 ஜூல். கையைச் சுட்டு, உதறி, உதறிய கை பிக்சர் டியூபில் போய் மோத அது தாராளமாகப் போதும். புதிதாக இந்த வேலைக்கு வருபவர்கள் ஒன்றைத் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். ஓடுகிற சப்ளைதான் ஆபத்து, செத்தது சாது என்று நினைக்கிறார்கள். நடப்பது நேர்மாறு. ஓடுகிற சப்ளையை அணைத்தால் லோடு அந்தக் கெபாசிட்டரை ஒன்றிரண்டு நொடியில் காலி செய்துவிடும். ஓடாத சப்ளையில் அதைக் காலி செய்ய ஆளில்லை. வடிகால் ரெசிஸ்டரும் ஓப்பனாகி இருந்தால் பிளக்கைப் பிடுங்கி, டீ குடித்துவிட்டு வந்து தொட்டாலும் அடிக்கும். ஸ்க்ரூடிரைவரை வைத்து ஷார்ட் செய்வது வீரம் இல்லை. 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றைப் பிளாஸ்டிக் குழாயில் கட்டி, பதினைந்து நொடி வைத்துப் பிடித்து, பிறகு மீட்டரால் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது எர்த் விவகாரம். சப்ளையின் முதற்பக்கத்தை ஆசிலாஸ்கோப்பில் பார்க்க ஆசைப்பட்டு புரோபின் முதலை கிளிப்பை அந்தப் பக்கத்து ‘கிரவுண்டில்’ மாட்டினால், மெயின்ஸும் எர்த்தும் உங்கள் ஸ்கோப்பின் வழியாகவே கைகுலுக்கும். வெடிச்சத்தம் கேட்கும், சமயத்தில் நல்ல ஸ்கோப்பும் கெட்ட கருவிகளின் வரிசையில் போய்ச் சேரும். இதற்கு நம் ஊர் மேஜைகளில் பழகிப்போன வைத்தியம், பார்க்கிற ஸ்கோப்பின் எர்த் பின்னைப் பிடுங்கிவிடுவது. அதைவிட மோசமான வைத்தியம் கிடையாது. ஸ்கோப்பின் உலோக உடம்பு முழுக்க 325 வோல்ட் ஏறிவிடும். பழுதுபார்க்கப்படும் கருவியை ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் வழியாக ஓட்டுங்கள், பார்க்கிற ஸ்கோப்பின் எர்த்தைத் தொடாதீர்கள். டிரான்ஸ்ஃபார்மர் இல்லையென்றால் இரண்டு புரோபுகளை வைத்து ஒரு சேனலிலிருந்து இன்னொன்றைக் கழித்துப் பாருங்கள், கிளிப்புகள் இரண்டும் எங்கேயும் மாட்டாமல் தொங்கட்டும்.

அமெரிக்காவிலிருந்து பழைய சாமானாக இங்கே வந்து சேரும் கருவிகளுக்கென்றே இன்னொரு கண்டம் உண்டு. பின்பக்கத்தில் 115, 230 என்று ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கும். 115இல் வைத்தால் இரண்டு மெயின் கெபாசிட்டர்களும் வோல்டேஜ் டபுளராக வேலை செய்யும். ஒவ்வொன்றிலும் 162 வோல்ட் ஏறும். அந்த நிலையிலேயே நம் 230இல் செருகினால் ஒவ்வொன்றிலும் 325. 200 வோல்ட் கெபாசிட்டர் அதைத் தாங்காது. அதிர்ஷ்டம் இருந்தால் குறுக்கே இருக்கும் வேரிஸ்டர் தன்னைப் பலிகொடுத்து ஃப்யூஸை எரிக்கும். எந்தப் பழைய கருவி கைக்கு வந்தாலும் பிளக்கைத் தொடுவதற்கு முன் அந்த ஸ்விட்சைப் பார்த்துவிடுவது என் வழக்கம்.

சீரீஸ் போர்டா, டிம்மர்ஸ்டாட்டா?

டி.வி. மெக்கானிக் கடைகளில் வளர்ந்த எவருக்கும் சீரீஸ் போர்டு தெரியும். குண்டு பல்பு ஒன்றை லைனில் தொடராக மாட்டி, அதன் வழியாகக் கருவிக்குக் கரன்ட் கொடுப்பது. பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்தால் உள்ளே ஷார்ட். ஒரு முறை பளிச்சென்று எரிந்து மங்கினால் மெயின் கெபாசிட்டர் நிரம்பிவிட்டது, டிரான்சிஸ்டர் ஷார்ட் இல்லை. புதிதாக மாற்றிய விலையுயர்ந்த மாஸ்ஃபெட்டைப் பட்டாசு ஆகாமல் காப்பாற்ற இதைவிட மலிவான கருவி கிடையாது. குண்டு பல்பு கடைகளில் அருகிவருகிறது. பார்க்கிற இடத்தில் 60 வாட்டில் இரண்டு, 100 வாட்டில் இரண்டு வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

ஆனால் சீரீஸ் போர்டு பொய்யும் சொல்லும். நல்ல சப்ளையே பல்பு வழியாகப் போதிய கரன்ட் கிடைக்காமல் புறப்பட்டு விழுந்து, மறுபடி புறப்பட்டு விழும், பல்பு கண்சிமிட்டும். அதைப் பழுது என்று எடுத்துக்கொண்டு நாள் முழுக்கத் தேடியவர்கள் இருக்கிறார்கள்.

டிம்மர்ஸ்டாட்டில் வோல்டேஜை மெள்ள மெள்ள ஏற்றுவது வேறு பழக்கம். பழைய வால்வு ரேடியோவுக்கும் லீனியர் சப்ளைக்கும் அது தங்கமான வழி. பல வருஷம் ஓடாமல் கிடந்த கெபாசிட்டர் தன் ஆக்ஸைடு படலத்தைச் சீர்செய்துகொள்ள அவகாசம் கிடைக்கும். எஸ்.எம்.பி.எஸ்ஸுக்கு அது சரிப்படாது என்பதே என் கருத்து. வோல்டேஜ் குறைந்தால் எஸ்.எம்.பி.எஸ். குறைவாகக் கரன்ட் இழுக்காது, அதிகமாக இழுக்கும். வெளியே அதே வாட் கொடுத்தாக வேண்டுமே! 230இல் இழுத்ததைப்போல இரண்டு மடங்கை 115இல் இழுக்கும். பழைய தானியங்கித் துடிப்புச் சுற்றுகளில் டிரான்சிஸ்டருக்குப் போதிய உந்துதல் கிடைக்காமல் அது பாதி திறந்து பாதி மூடி நின்று வெந்துபோகவும் கூடும். “மெதுவா ஏத்தினேன் சார், அப்படியும் புகைஞ்சிடுச்சு” என்பவர்களிடம் மெதுவாக ஏற்றியதால்தான் புகைந்தது என்று எப்படிச் சொல்வது?

பாதியாக வெட்டு

வட்டத்தில் சிக்கிய பழுதை எடுக்க ஒரே வழி, வட்டத்தை நாமாக ஓரிடத்தில் வெட்டி, அங்கே வெளியிலிருந்து மின்சாரம் ஊட்டுவது. இதற்கு டெக்ட்ரானிக்ஸின் 2235 போன்ற 1980களின் ஸ்கோப்புகள் நல்ல பாடப்புத்தகம். அவற்றில் சப்ளை இரண்டு கட்டங்களாக இருக்கிறது. முதல் கட்டம் மெயின்ஸை ரெக்டிஃபை செய்து, ஸ்விட்ச் செய்து, ஏறக்குறைய 43 வோல்ட்டாக இறக்குகிறது. இரண்டாம் கட்டமான இன்வெர்ட்டர் அந்த 43 வோல்ட்டை எடுத்து டிரான்ஸ்ஃபார்மர் வழியாக மற்ற வோல்டேஜ்களையும் பிக்சர் டியூபுக்கான மைனஸ் 2 கிலோவோல்ட்டையும் உண்டாக்குகிறது. நடுவே வெட்டிவிட்டு, மெயின்ஸைச் செருகாமல், கரன்ட் லிமிட் உள்ள பெஞ்ச் சப்ளையிலிருந்து 43 வோல்ட் கொடுங்கள். திரையில் கோடு வந்துவிட்டால் பழுது முதல் கட்டத்தில். லிமிட் விளக்கு எரிந்தால் பழுது இன்வெர்ட்டரிலோ அதற்கு அப்பாலோ. 325 வோல்ட்டுக்குப் பக்கத்திலேயே போகாமல் பாதி சப்ளை விலக்கப்பட்டுவிடுகிறது. இந்தக் குடும்பத்து ஸ்கோப்புகளில் டியூபுக்கு உயரழுத்தம் பெருக்கும் மல்டிப்ளையர் கட்டி உள்ளே கசியத் தொடங்கினால் மொத்த சப்ளையும் டிக் டிக் என்று படுத்துவிடும். சப்ளையில் எந்தப் பாகத்தை மாற்றினாலும் அது எழாது.

யு.சி.3842 உள்ள சப்ளைகளில் வெட்டுவதற்கு இன்னும் வசதியான இடம் உண்டு. அந்த ஐ.சி. தன் 7ஆம் காலில் 16 வோல்ட் வந்தால் விழிக்கும், 10 வோல்ட்டுக்குக் கீழே போனால் தூங்கிவிடும். முதல் 16 வோல்ட் வருவது 325 வோல்ட்டிலிருந்து ஒரு பெரிய ரெசிஸ்டர் வழியாக. 150 கிலோ ஓம் என்று வைத்துக்கொள்வோம்; சுமார் 2 மில்லி ஆம்பியர் வரும். அதில் ஐ.சி. தூக்கத்திலேயே கொஞ்சம் குடிக்கும், மீதி ஒன்றரை மில்லி ஆம்பியர் ஒரு 100 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டரை நிரப்பும். 16 வோல்ட் ஏற ஏறக்குறைய ஒரு நொடி. விழித்த ஐ.சி. 15 மில்லி ஆம்பியர் கேட்கும். கெபாசிட்டர் 16இலிருந்து 10க்கு இறங்க 40 மில்லி நொடி. அந்த 40 மில்லி நொடிக்குள் டிரான்ஸ்ஃபார்மரின் துணைச் சுருள் பொறுப்பை எடுத்துக்கொண்டாக வேண்டும். எடுத்துக்கொள்ளாவிட்டால் ஐ.சி. தூங்கிவிடும், மறுபடி நிரப்பு, மறுபடி விழிப்பு. நாம் கேட்கிற ‘டிக்’ இந்த விழிப்புதான்.

இப்போது அந்தக் கெபாசிட்டர் காய்ந்து 10 மைக்ரோ ஃபாரட் ஆகிவிட்டது என்று கொள்ளுங்கள். 40 மில்லி நொடி 4 ஆகிவிடுகிறது. அதற்குள் துணைச் சுருளால் எழ முடியாது. நிரம்பும் நேரமும் பத்தில் ஒன்றாகிவிடுவதால் டிக் வேகமாக வரும். பத்து ரூபாய்கூடப் பெறாத ஒரு சின்ன கெபாசிட்டர். பெரிய கெபாசிட்டர்களையெல்லாம் மாற்றியவர்கள் பல நேரம் விட்டுவைப்பது இதைத்தான். ஓடிக்கொண்டிருக்கும்வரை இது தன் பலவீனத்தைக் காட்டிக்கொள்ளாது. என்றோ ஒரு நாள் கரன்ட் போய் வந்ததும் கருவி எழாது. “நேத்து வரை நல்லா ஓடிச்சு” என்ற வாக்குமூலத்துக்குப் பின்னால் பெரும்பாலும் இவர்தான் ஒளிந்திருப்பார்.

அந்தப் பெரிய ரெசிஸ்டரும் லேசுப்பட்டதல்ல. வருஷக்கணக்கில் 300 வோல்ட்டுக்கு மேல் சுமந்து நின்றதில் மதிப்பு மெள்ள ஏறி, ஒரு நாள் ஓப்பன் ஆகிவிடும். அப்போது டிக் சத்தமும் இருக்காது. மெயின் கெபாசிட்டரில் 325 வோல்ட் முழுசாக நிற்கும், அதற்குப் பிறகு மயான அமைதி. மெயின்ஸை எடுத்துவிட்டு 7ஆம் காலுக்கு வெளியிலிருந்து 17 வோல்ட் கொடுத்துப் பார்த்தால் ஐ.சி.யின் கதை தெரிந்துவிடும். 8ஆம் காலில் 5 வோல்ட், 4ஆம் காலில் ரம்பப் பல் அலை, 6ஆம் காலில் துடிப்பு. மூன்றும் இருந்தால் ஐ.சி. நிரபராதி.

ஃப்யூஸ் எரிந்த விதமும் சாட்சி சொல்லும். கண்ணாடி உள்பக்கம் கறுத்து, வெள்ளி பூசியதுபோல் இருந்தால் பெரிய ஷார்ட்: பிரிட்ஜ் அல்லது டிரான்சிஸ்டர். கம்பி நடுவில் மட்டும் அறுந்து கண்ணாடி சுத்தமாக இருந்தால் அளவு மீறிய லோடு, அல்லது வயோதிகம். டிரான்சிஸ்டர் ஷார்ட் என்று தெரிந்தால் அதை மட்டும் மாற்றி ஆன் செய்யாதீர்கள். அது போகும்போது கரன்ட்டை அளக்கிற அரை ஓமுக்கும் குறைவான ரெசிஸ்டரையும் கேட் ரெசிஸ்டரையும் சமயத்தில் ஐ.சி.யையும் கூட்டிக்கொண்டு போயிருக்கும்.

கெபாசிட்டர் வழக்கு

எல்லாவற்றையும் மாற்று என்கிற கட்சிக்கு நியாயம் உண்டு என்றேன். எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர் வெப்பத்தில் வாழ்கிற பிராணி. வெப்பம் 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதி. ஹீட் சிங்க்கை ஒட்டி நிற்பதும் ஓரத்தில் காற்றுப்படும்படி நிற்பதும் ஒரே வயதில் சாவதில்லை. சாவிலும் பல விதம். சாதாரண மீட்டரில் 1000 மைக்ரோ ஃபாரட்டுக்கு 900 காட்டும், நல்லது என்று விட்டுவிடுவோம். அதன் உள் ரெசிஸ்டன்ஸ், அதாவது ஈ.எஸ்.ஆர்., 0.1 ஓமுக்குக் கீழே இருக்க வேண்டியது 3 ஓம் ஆகியிருக்கும். 2 ஆம்பியர் ரிப்பிள் கரன்ட் ஓடுகிற இடத்தில் அது 6 வோல்ட் ரிப்பிள். 5 வோல்ட் லைனில் இது நடந்தால் என்ன மிஞ்சும்? ஆகவே இங்கே மைக்ரோ ஃபாரட் மீட்டர் பிரயோஜனமில்லை, ஈ.எஸ்.ஆர். மீட்டர் வேண்டும்.

1980களின் பிற்பகுதியிலும் 90களின் தொடக்கத்திலும் வந்த சில வகைகளில் திரவமே ரப்பர் அடைப்பைத் தின்று வெளியே கசியும். டெக்ட்ரானிக்ஸின் 2465பி கன்ட்ரோல் போர்டிலும் முதல் டி.டி.எஸ். வரிசைகளிலும் இது ஊரறிந்த வியாதி. கசிந்த இடத்தில் சால்டரிங் அயர்னை வைத்தால் மீன் கவிச்சி அடிக்கும். டிராக் பச்சை பூத்து, தொட்டால் பெயர்ந்து வரும். இங்கே அளந்து பார்க்கிறேன் என்று காத்திருப்பது முட்டாள்தனம். உடனே மாற்றிக் கழுவ வேண்டும்.

விசாரணையே இல்லாமல் மாற்ற வேண்டியது இன்னொன்றும் உண்டு. மெயின்ஸ் நுழையும் இடத்தில், தேன் நிறத்தில், உள்ளே இருக்கும் சுருள் தெரிகிறாற்போல் ஒரு பெட்டி. ரிஃபா என்று எழுதியிருக்கும். உலோகம் பூசிய காகிதத்தால் ஆனது. வயதாக ஆக மேலுறையில் மயிரிழை விரிசல் விடும், ஈரம் உள்ளே போகும், ஒரு நாள் ஆன் செய்த சில நிமிஷங்களில் அறை முழுக்கப் புகையைக் கக்கும். வேடிக்கை என்னவென்றால் கருவி பெரும்பாலும் எதுவுமே நடக்காததுபோல் ஓடிக்கொண்டிருக்கும். பார்த்தவுடன் கழற்றுங்கள், அதே மதிப்பில் எக்ஸ்2 முத்திரை உள்ள புதியது வையுங்கள்.

இவற்றைத் தாண்டி, நன்றாக இருக்கிற கெபாசிட்டர்களையும் கும்பலாக மாற்றும்போது என்ன ஆகிறது? பழைய இரட்டை அடுக்கு போர்டுகளில் துளையின் உள்பூச்சு கழன்று வந்துவிடும். ஏதாவது ஒன்று தலைகீழாகப் போய் உட்காரும். ஒரு பழுதோடு வந்த போர்டு மூன்று பழுதோடு போகும், அவற்றில் இரண்டு நாம் செய்தது.

சப்ளையில் இல்லாத சப்ளைப் பழுது

சில வருஷங்களுக்கு முன் கல்லூரி ஆய்வகம் ஒன்று கழித்துப்போட்ட லாஜிக் அனலைசர் என் மேஜைக்கு வந்தது. ஆன் செய்தால் விசிறி அரைச் சுற்று சுற்றி நிற்கும், டிக், மறுபடி அரைச் சுற்று. எனக்கு அப்போது கெபாசிட்டர் வெறி. இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் சப்ளையின் பதினான்கு எலக்ட்ரோலிட்டிக்குகளையும் மாற்றினேன். ஆன் செய்தேன். டிக்.

பிறகுதான் செய்திருக்க வேண்டிய முதல் வேலையைச் செய்தேன். சப்ளையிலிருந்து போகும் கனெக்டர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். மூன்றாவது கனெக்டரை எடுத்ததும் விசிறி முழு வேகத்தில் ஓடியது. அந்த போர்டில் 12 வோல்ட் லைனுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 0.6 ஓம். சப்ளையில் ஒரு கோளாறும் இருந்திருக்கவில்லை. ஷார்ட்டைக் கண்டு ஒவ்வொரு முறையும் சரியாகப் பின்வாங்கிக்கொண்டிருந்தது.

போர்டில் அந்த லைனில் மட்டும் இருபதுக்கு மேல் டான்டலம் கெபாசிட்டர்கள், மஞ்சள் பட்டாணி போல. எதைக் கழற்றுவது? பெஞ்ச் சப்ளையை 1 வோல்ட், 1 ஆம்பியர் லிமிட்டில் வைத்து அந்த லைனுக்குக் கொடுத்தேன். ஒரு மில்லிமீட்டர் அகலமும் இரண்டு சென்டிமீட்டர் நீளமும் உள்ள செம்பு டிராக்கின் ரெசிஸ்டன்ஸ் சுமார் 10 மில்லி ஓம். 1 ஆம்பியர் ஓடினால் 10 மில்லி வோல்ட் விழும். மீட்டரின் கறுப்பு முனையைக் கனெக்டரிலேயே ஊன்றிவிட்டுச் சிவப்பு முனையை டிராக்கில் நகர்த்திக்கொண்டே போனேன். எண் ஏறிக்கொண்டே போயிற்று. ஓரிடத்துக்கு அப்புறம் ஏறவில்லை. கரன்ட் அங்கேதான் கீழே இறங்குகிறது. அந்த இடத்துப் பட்டாணிமேல் ஒரு சொட்டு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் விட்டேன். பக்கத்தில் இருந்தவை ஈரமாக இருக்கும்போதே அது மட்டும் காய்ந்தது. ஒரு காலை அறுத்தேன், ஷார்ட் போய்விட்டது. கழற்றிப் போட்ட பதினான்கையும் அன்று இரவு ஈ.எஸ்.ஆர். மீட்டரில் வைத்துப் பார்த்தேன். பன்னிரண்டு நல்ல நிலையில் இருந்தன.

டான்டலம் மாற்றும்போது ஒரு பொறி உண்டு. அலுமினியம் கெபாசிட்டரில் பட்டை போட்ட பக்கம் மைனஸ். டான்டலத்தில் குறி போட்ட பக்கம் பிளஸ். பழக்க தோஷத்தில் மாற்றி வைத்தால் அது முகத்துக்கு நேரே வெடிக்கும்.

கனெக்டரைப் பிடுங்கிப் பார்ப்பதிலும் நிதானம் வேண்டும். சில சப்ளைகள் லோடே இல்லாமல் ஓடாது. அல்லது, கண்காணிக்கிற லைன் போய்விட்டால் மற்ற லைன்கள் எகிறிவிடும். போலி லோடாக 5 வோல்ட்டுக்கு 5 ஓம், 10 வாட் ரெசிஸ்டர் ஒன்றும், 12 வோல்ட்டுக்குக் கார் இண்டிகேட்டர் பல்பும் போதும். பல்பு குளிர்ந்திருக்கும்போது ஷார்ட் மாதிரியே நடந்துகொள்ளும், அதனாலேயே ஒரு சப்ளை டிக் அடிக்கலாம். சந்தேகம் வந்தால் ரெசிஸ்டருக்கு மாறுங்கள். பழுதுபார்த்த சப்ளையை முதல் முறை இந்தப் போலி லோடில்தான் ஓட்ட வேண்டும், கருவியில் அல்ல. சப்ளையில் எரிகிற எதையும் இன்றைக்கும் கடையில் வாங்கிவிடலாம். 2465இல் டெக்ட்ரானிக்ஸ் தானே தயாரித்துப் போட்ட ஐ.சி.க்களை எங்கே போய் வாங்குவது? ஃபீட்பேக் அறுந்த சப்ளை ஒன்று அரை நொடி எகிறினால் போதும், அந்த ஸ்கோப் உதிரிபாகக் கிடங்காகிவிடும்.

ரெடிமேட் சப்ளை கட்சிக்கும் இங்கேதான் பதில் இருக்கிறது. 5, 12 வோல்ட் மட்டும் கேட்கிற கருவிக்கு அது தாராளமாகச் சரி, நானே வைத்திருக்கிறேன். ஆனால் 2465 கேட்பது 87, 42, 15, 10, 5, மைனஸ் 5, மைனஸ் 8, மைனஸ் 15. எந்தக் கடையில் இந்தக் கூட்டணி கிடைக்கும்? பெரும்பாலான ஸ்கோப்புகளில் லைன் டிரிக்கருக்கான சிக்னலும் சப்ளையிலிருந்தே போகிறது. மலிவான சப்ளையின் இரைச்சல், ஒரு கட்டத்துக்கு 2 மில்லி வோல்ட் காட்டுகிற திரையில் தடித்த கோடாக வந்து உட்காரும்.

சப்ளை எழுந்துவிட்டால் கை துறுதுறுக்கும். 5 வோல்ட் 4.96 காட்டுகிறதே, அந்த பிரீசெட்டைக் கொஞ்சம் திருகினால் என்ன? மேனுவல் சொல்கிற வரம்புக்குள் இருந்தால் தொடாதீர்கள். பல கருவிகளில் மொத்த காலிபரேஷனும் அந்த 4.96ஐ நம்பித்தான் செய்யப்பட்டிருக்கிறது. அதை நகர்த்தினால் மற்றவையும் சேர்ந்து நகரும். அதற்குப் பதில் ஒவ்வொரு லைனின் ரிப்பிளையும் அளந்து ஒரு தாளில் எழுதுங்கள். பிறகு மூடியைப் போட்டு, எல்லாத் திருகையும் முடுக்கி, நான்கு மணி நேரம் ஓடவிடுங்கள். மூடி திறந்திருந்தால் விசிறிக் காற்று போக வேண்டிய வழியில் போகாது, சூடு காட்ட வேண்டிய டிரை சால்டரும் காட்டாது. நான்கு மணி நேரம் கழித்துத் திறந்து, அதே தாளில், முதல் எண்களுக்குப் பக்கத்தில், இரண்டாவது வரிசையை எழுதுங்கள்.